லேபல் உனக்கு, போத்தல் எனக்கு

ஊசிமலைத் தோட்டம்,
தலவாக்கலை.
10.3.1963

என் அன்புக்குரிய மச்சான் பொன்னையாவுக்கு,

சூசைரட்ணம் எழுதிக்கொள்வது. அந்தோனியார் தயவில் இங்கே நானும் மரியநாயகியும் பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மகள் நாகலெட்சுமியும் அப்படியே இருக்க வேண்டும். மற்றச் சுகங்களைக் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் ஒரு செய்தியைச் சொல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது. மச்சான், என் கைக்கு ஒரு மால்ட் விஸ்கிப் போத்தல் வந்திருக்கிறது. கலப்பு இல்லை. தனி மால்ட்.

நம் பெரிய துரை சீமைக்குப் போகிறார், இனித் திரும்பி வரமாட்டார். போன சனிக்கிழமை பங்களாப் புல்வெளியில் சாமான்களை ஏலம் போட்டார்கள். கட்டில், பியானோ, நாய்க்கூண்டு என்று எல்லாம் வெயிலில் கிடந்தன. ஹற்றனிலிருந்து கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலையை அழகனிடம் ஒப்படைத்துவிட்டு, லொறி டிரைவர் செல்லசாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு நாற்காலி வாங்கலாம் என்றுதான் போனேன், சத்தியமாய்.

அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் உடைந்த பாரோமீட்டர் ஒன்று, ஆற்று மீன் பிடிக்கத் துரைமார் தூண்டிலில் கட்டுகிற இறகுப் பூச்சிகள் ஒரு டப்பா, அதற்கடியில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு போத்தல். பேப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். லேபலில் கொட்டை எழுத்தில் ‘கிளென் மாரிக்’ என்று இருந்தது. அதற்குக் கீழே ‘பியூர் ஹைலண்ட் மால்ட்’. நான் பேப்பரை அப்படியே மூடிவிட்டு நாய்க்கூண்டைப் பார்க்கப் போய்விட்டேன். செல்லசாமி பின்னாலேயே வந்துவிட்டான். என்னைப் பார்த்து, “என்னங்க டீமேக்கரய்யா, மொகம் இப்பிடி வேர்க்குது, சாமான்ல பாம்பு கீம்பு கெடக்கா” என்று கேட்டான்.

ஏலத்தில் ஒரு ஹற்றன் முதலாளி என்னோடு ஏட்டிக்குப் போட்டியாய்க் கேட்டார். அவருக்கு வேண்டியது பாரோமீட்டரின் பித்தளை. அது ஓடாத பாரோமீட்டர் என்று செல்லசாமி அவர் காதில் போய்ச் சொன்னான். அவர் விட்டுவிட்டார். பெட்டி என் தலையில் விழுந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்தபோது மரியநாயகி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “மழ பேயுறத தெரிஞ்சிக்க ஜன்னல் இருக்கு. இந்தக் கண்ணாடிய வச்சி என்னாங்க செய்யப்போறீங்க” என்றாள். போத்தலை அவள் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது.

இனி லேபல் விசயத்துக்கு வருகிறேன். நீ இங்கே தோட்டத்து டிஸ்பென்சராய் இருந்த காலத்தில் நம் சனிக்கிழமைக் கூட்டத்தில் நமக்குள் எத்தனை சண்டை. லேபல் இல்லாத போத்தலை உன் மருந்து ரூமில் வைத்திருந்தால் வேலை போய்விடும், லேபல்தான் உயிர் என்பாய் நீ. தேயிலைப் பெட்டியில் என்ன எழுதினாலும் கடைசியில் நாக்குத்தான் நீதவான் என்பேன் நான். இந்த ஏலத்தில் துரை வீட்டுத் தேயிலை டின் ஒன்றையும் பார்த்தேன். ‘சுத்தமான சிலோன் மலைத் தேயிலை’ என்று எழுதி, ஒரு பெண்ணின் படமும் போட்டிருக்கிறான். பட்டுச் சேலை, காதில் ஜிமிக்கி. இந்த மலையில் அட்டைக் கடிக்கு நடுவே எந்தப் பொம்பிளை பட்டுடுத்திக் கொழுந்து எடுத்தாள்? டின்னுக்குள் இருந்த தூளை விரலில் தேய்த்து முகர்ந்தேன். நாலைந்து நாட்டுத் தூள் கலந்த வாடை. இப்படித்தான் மச்சான், ‘ஸ்பெஷல்’ என்று எழுதினவனை நான் நம்புவதில்லை.

ஆனால் இந்தக் கிளென் மாரிக் வேறு ஜாதி. இதில் மான் தலை கிடையாது, ராஜா கிடையாது, தங்க மெடல் வாங்கின கதை கிடையாது. ஒரு சின்னக் கல்பாலம், அடியில் ஓடை. வடித்த ஊரின் பெயர். எழுபது புரூப் என்ற வீரியக் கணக்கு. அவ்வளவுதான். முதல் தடவையாய் ஒரு லேபலை நம்பலாம் போல எனக்குத் தோன்றியது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

செல்லசாமி இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்குக் கப்பல் படம் போட்ட லேபல்தான் உசத்தி. “கப்பல்ல வந்த சரக்கு கப்பல் படம் போட்டாத்தாங்க நெசம். பாலத்துல என்னா இருக்கு, நம்ம ஆக்ரா ஓயா ஆத்துலயும் பாலம் இருக்கு” என்கிறான். இன்னொன்றும் சொல்கிறான். துரை அலமாரியில் இருபது வருசம் கிடந்ததால் சரக்குக்கும் இருபது வயது கூடிவிட்டதாம். மரப் பீப்பாயில் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு வயது ஏறும், கண்ணாடிக்குள் போனால் வயது நின்றுவிடும் என்று நான் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அப்படியென்றால் என்னையும் போத்தலில் போடுங்க என்கிறான். நீயே ஒரு தீர்ப்பு எழுதி அனுப்பு.

போத்தலை இன்னும் திறக்கவில்லை. தபசு காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தொடமாட்டேன் என்று மரியநாயகிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதன் லேபலை மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊற வைத்து, மூலை கிழியாமல் எடுத்துவிட்டேன். போன வருசம் நாங்கள் காலி செய்த ஆறு போத்தல்களின் லேபல்களோடு சேர்த்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அந்த ஆறில் மேளக்காரன் படம் போட்டதைக் கவனமாய்ப் பார். ஸ்கொத்லாந்தில் வடித்தது என்று பெரிதாகவும், வேறெங்கோ போத்தலில் அடைத்தது என்று எறும்பளவு எழுத்திலும் போட்டிருக்கிறான்.

நீ இருக்கும் ராச்சியத்தில் மதுவிலக்கு. ஒரு சொட்டும் அனுப்ப வழியில்லை. ஆகையால் நான் ஒரு பாகப்பிரிவினை செய்திருக்கிறேன். நீ லேபலை நம்புகிறவன், நான் நாக்கை நம்புகிறவன். லேபல் உனக்கு, போத்தல் எனக்கு. பிராது இருந்தால் பதில் எழுது.

மகளின் படிப்பு எப்படி? உன் நெஞ்சுச் சளிக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொண்டதா? மரியநாயகி கேட்கச் சொன்னாள்.

தேவன் துணையோடு,
உன் மச்சான்
சூ. சூசைரட்ணம்


கோட்டைப்பட்டி,
மதுரை ஜில்லா.
2.4.1963

அன்பு மச்சான் சூசைரட்ணத்துக்கு,

பழனியாண்டவன் புண்ணியத்தில் நானும் நாகலெட்சுமியும் உடம்பால் சுகம். உன் கடிதமும் லேபல்களும் வந்து சேர்ந்தன. ஆனால் உன் உறையை முதலில் பிரித்தது நானில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன், பதறாமல் வாசி. மரியநாயகிக்கு வாசித்துக் காட்டுவதானால் கொஞ்சம் மெதுவாய் வாசி.

உறையின் ஓரம் வழியில் எங்கேயோ கிழிந்திருக்கிறது. இங்கே தபாலாபீசில் மேசையில் கொட்டும்போது மேளக்காரனும் கப்பலும் வெளியே வந்து விழுந்துவிட்டன. மதுவிலக்கு ஊரில் சீமைச் சாராயத்தின் அசல் லேபல் ஏழு, அதுவும் மருந்துக்கடையில் வேலை செய்கிற ஒரு சிலோன்காரன் பெயருக்கு. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? மருந்துக்கடையில் ஸ்பிரிட் இருக்கிறது. சர்க்கரையைக் கருக்கி நிறம் சேர்த்து, அசல் லேபலை ஒட்டினால் எந்தப் பணக்காரன் வீட்டிலும் விற்றுவிடலாம். இந்த ஜில்லாவில் அப்படி நடந்தும் இருக்கிறதாம்.

இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரரோடு கடைக்கே வந்தார். டிங்சர், ஸ்பிரிட் எல்லாவற்றையும் அளந்து பார்த்தார்கள். கணக்குச் சரியாய்த்தான் இருந்தது. ஆனாலும் ஊரே வாசலில் நின்றது. முதலாளி நல்லவர்தான். அவரும் பயந்துபோய், “இது தீர்ற வரைக்கும் நீங்க வரவேணாம் பொன்னையா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். நாகலெட்சுமி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவள் அம்மா வீரம்மா உயிரோடு இருந்திருந்தால் இன்ஸ்பெக்டரையே உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள். எனக்கு அந்தத் துணிச்சல் ஏது?

ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஏழு லேபலையும் மேசையில் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினார். குடிக்க முடியாத ஊரில் லேபல் எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றேன். பார்த்து? என்றார். நினைத்துக்கொள்வதற்கு என்றேன்.

அவர் மற்ற லேபல்களை ஒதுக்கினார். பிறகு கிளென் மாரிக் லேபலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தாராம். ஒரு வெள்ளைக்கார மேஜர் கொடுத்த மால்ட்டைத் தகரக் குவளையில் ஒரே ஒரு தடவை குடித்திருக்கிறாராம். அது புகை வாடை அடித்ததாம், இந்தப் பாலம் போட்டதும் அப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். மச்சான், அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். முடியவில்லை. பார்லியை எதில் வாட்டினான் என்பதைப் பொறுத்தது அது, கொழுந்தை வாட்டுகிற மாதிரித்தான் என்று தொடங்கிவிட்டேன். அவர் வயது போட்ட லேபல்தான் நம்பிக்கை என்றார். வயது போட்டால் அது கலவையிலேயே இளசான சரக்கின் வயது, கிழடு எத்தனை சேர்ந்தது என்று யாருக்குத் தெரியும் என்றேன் நான். அவர் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். ஏட்டு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

கடைசியில் அவர் ஒன்று சொன்னார். “குடிக்கிறவனுக்கு எதுக்குய்யா லேபிளு? இல்லாதவனுக்குத்தான் அது.” உனக்கும் எனக்கும் இத்தனை வருசச் சண்டைக்கு ஒரு மூன்றாவது ஆள் இப்படித் தீர்ப்புச் சொல்வார் என்று யார் கண்டது? ஊரைவிட்டு வந்த இந்த நாலு வருசத்தில் நான் வாய் ஓயாமல் பேசியது அன்றைக்குத்தான், அதுவும் போலீஸ் ஸ்டேஷனில். பயமாய் இருந்தது. சந்தோசமாகவும் இருந்தது. இதை உனக்கல்லாமல் வேறு யாருக்கு எழுதினாலும் பைத்தியம் என்பார்கள்.

ஆனால் விட்டுவிடவில்லை. பேச்சு முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு மறுபடி இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். இந்த லேபல்கள் ஒட்டியிருந்த பாட்டில்கள் எங்கே என்றார். (பார், எனக்கும் பாட்டில் என்றே வருகிறது. இங்கே போத்தல் என்றால் சிரிக்கிறார்கள்.) ஏழும் இலங்கையில்தான் இருக்கின்றன, இங்கே வரவில்லை என்பதற்கு ஒரு பெரிய மனிதரின் கையெழுத்தோடு அத்தாட்சி வேண்டுமாம். இல்லாவிட்டால் கேஸை மேலே அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மேலே போனால் கடை வேலை போய்விடும். அதோடு போகாது. பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அதுவும் போய்விடும். எதற்குப் பாஸ்போட் என்று கேட்காதே, பிறகு சொல்கிறேன்.

மச்சான், உன் மேல் எனக்குக் கோபம் துளியும் இல்லை. லேபல் கேட்டு எழுதியது நான்தான். அந்தப் போத்தல்கள் என்ன ஆயின? எங்கே இருக்கின்றன? ஏழும் வேண்டும். உன்னால் முடிந்ததைச் சீக்கிரம் செய்.

செல்லசாமிக்கு என் தீர்ப்பு: கண்ணாடிக்குள் வயது ஏறாது. மனுசனுக்குத்தான் எங்கே அடைத்தாலும் ஏறும்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
பொன்னையா


ஊசிமலைத் தோட்டம்,
தலவாக்கலை.
18.4.1963

என் உயிர் மச்சானுக்கு,

ஏழும் கிடைத்துவிட்டன. இதை முதல் வரியில் எழுதிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு வாசி. இதோடு சுவாமியாரின் அத்தாட்சிக் கடிதமும் ஒரு போட்டோவும் பதிவுத் தபாலில் வருகின்றன. மறுபடி கிழியாமலிருக்க மரியநாயகி உறையைத் துணி வைத்துத் தைத்திருக்கிறாள்.

உன் கடிதம் பெரிய வெள்ளிக்கு முதல் நாள் வந்தது. நான் தபாலில் போட்ட ஒரு உறை உன் வேலையைத் தின்றுவிட்டதே என்று சோற்றில் கை வைக்க முடியவில்லை. மரியநாயகிதான், “ஒக்காந்து பொலம்பினா போத்தலு நடந்தாங்க வரும்? எழும்புங்க” என்று விரட்டினாள். அவளே முதலில் இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் தேங்காயெண்ணெய், மற்றதில் மண்ணெண்ணெய். ஊற்றி மாற்றிக் கழுவினாள். கிளென் மாரிக் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. ஆக மூன்று.

நாலாவது செல்லசாமியின் லொறியில், பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீரோடு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு விசயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டான். “டிஸ்பென்சரய்யாவ ஸ்டேசன்ல வச்சிட்டாங்களா, நம்ம குடிச்ச கேட்டுக்கா” என்று ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். நீ வெளியில்தான் இருக்கிறாய் என்று விளங்கவைக்கப் பெரும்பாடு பட்டேன். ஐந்தாவது, பாடசாலை வாத்தியார் பத்திநாதன் மேசையில் பூ வைக்கப் போயிருந்தது. அவர் பூவோடு தந்துவிட்டார்.

ஆறாவதை நினைத்து இரவெல்லாம் யோசித்தோம். மரியநாயகிக்கு விடியும்போதுதான் ஞாபகம் வந்தது. தோட்டத்தின் மேல் கணக்கு லயத்து வீட்டில் இருக்கும் காளியாயி குழந்தைக்கு ஓமத்தண்ணீர் காய்ச்சி வைக்க ஒரு போத்தல் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். போய்க் கேட்டேன். முதலில் முடியவே முடியாது என்றாள். புள்ளைக்கு வயித்துவலி, வேற போத்தல் எங்கிட்ட இல்ல என்று கதவைச் சாத்தப் போனாள். உனக்காக என்று சொன்னேன். அவள் கை அப்படியே நின்றது. “யாரு, நம்ம பொன்னையா ஐயாவுக்கா? மொதல்லயே சொல்ல மாட்டீங்களா? நா காச்சல்ல கெடந்தப்ப மழையில வந்து ஊசி போட்டவருங்க அவரு. போத்தல் மட்டும் எதுக்கு, நானும் வாரேன்” என்று ஓமத்தண்ணீரைக் கோப்பையில் ஊற்றி மூடிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

ஏழாவதைக் கேட்டால் நீ சிரிப்பாய். அது கோயிலில் இருந்தது. போன வருசம் மரியநாயகி தீர்த்தத்துக்கென்று கொடுத்தது. சுவாமியார் அதில் மந்திரித்த தண்ணீரை நிறைத்து, பூசை உடுப்பு வைக்கிற சக்கிறீஸ்து அறையில் வைத்திருக்கிறார். இரண்டு கிழவர்கள் கைகுலுக்குகிற படம் போட்ட லேபல் உன்னிடம் இருக்கிறதே, அதன் போத்தல். நான் தயங்கித் தயங்கி நடந்ததை எல்லாம் சொன்னேன். உன் கடிதத்தையும் காட்டினேன். சுவாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டி முழுதும் வாசித்தார். தீர்த்தப் போத்தலின் பூர்வீகம் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு அதை முகர்ந்து பார்த்தார். “இத்தன நாளா சனங்க தீர்த்தத்துக்கு ஆசையா வந்தது இதுக்குத்தானா” என்றார். அப்புறம், “ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கேன் சூசை. போத்தலுக்குப் போடறது இதுதான் மொத தடவ. கொண்டாங்க, ஒவ்வொண்ணா பாத்துட்டுத்தான் போடுவேன்” என்றார். சும்மா போடவில்லை மச்சான். லேபல் ஒட்டியிருந்த பசைத் தடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு ஏழையும் அடுக்கினோம். போட்டோவுக்குத் தலவாக்கலை ஸ்டூடியோக்காரரைச் செல்லசாமி லொறியில் ஏற்றி வந்தான். போத்தல்களை மட்டும் எடுக்கச் சொன்னேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், காளியாயி பிள்ளையோடு வந்து தன் போத்தலுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். பத்திநாதன் வாத்தியாரும் வந்து நின்றார். செல்லசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான். மரியநாயகி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அதற்குள் பூசைக்கு வந்த சனம், வேலாயி, ராக்காயி, பேக்டரிப் பையன்கள் என்று ஒவ்வொருவராய்ப் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். கோயில் மணிச் சத்தம் கேட்டு மேல் லயத்து இந்துச் சனங்களும் இறங்கி வந்திருந்தார்கள். என்ன போட்டோ, எதுக்கு என்று ஒருவருக்கும் முழுதாய்த் தெரியாது. டிஸ்பென்சரய்யாவுக்குப் போகிற போட்டோ என்று மட்டும் தெரியும், அதனால் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் கோபிப்பாரோ என்று பயந்தேன். சுவாமியார், “சாட்சி கூடுதலா இருந்தா நல்லதுதான, நிக்கட்டும்” என்றார்.

அன்றைக்குத் தபசு முடிந்தது. கூட்டம் கலைந்ததும் செல்லசாமி கிளென் மாரிக்கைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் பதில் சொல்கிற வரைக்கும் அது நிறைந்த போத்தலாகவே இருக்கட்டும் என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாட்சியைக் குடிக்கக் கூடாதல்லவா? அவன் சாவியை மரியநாயகியிடம் கொடுக்கச் சொன்னான். என்னை அவனுக்கு நம்பிக்கையில்லை.

பாஸ்போட் எதற்கு என்று கேட்காதே என்றாய். கேட்கவில்லை. ஆனால் மரியநாயகி உன் கடிதத்தின் அந்த வரியை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு போய் உள் அறையை ஒதுக்கத் தொடங்கிவிட்டாள்.

நல்ல சேதி எழுது மச்சான். சேதி வரும் வரைக்கும் நாகலெட்சுமிக்கு என் முத்தம்.

அந்தோனியார் காவலில்,
சூசைரட்ணம்


கோட்டைப்பட்டி,
மதுரை ஜில்லா.
21.6.1963

என் மச்சான் சூசைரட்ணத்துக்கும் தங்கச்சி மரியநாயகிக்கும்,

உங்கள் புண்ணியத்தில் கேஸ் மூடியாயிற்று. நான் பழையபடி கடைக்குப் போகிறேன். முதலாளி தன் கையாலேயே எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நாகலெட்சுமி கால் பரீட்சை வருமுன்னே அரைப் பங்குப் பாடம் படித்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். தைத்த உறையை நான் பிரிக்கவில்லை, அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டு போனேன். இன்ஸ்பெக்டரே பிளேடால் தையலை வெட்டினார். சுவாமியாரின் கடிதத்தை வாசித்தார். அப்புறம் போட்டோவை எடுத்தார். ஏழு போத்தலையும் விரல் வைத்து எண்ணினார். விரல் அதற்கு மேலே போயிற்று. இந்தப் பொம்பிளை யார் என்றார். காளியாயி என்றேன். இவர்? வாத்தியார் என்றேன். லொறிக்காரன், டீமேக்கர், டீமேக்கர் சம்சாரம் என்று ஒவ்வொருவராய்க் கேட்டார். பின்வரிசையில் பாதிப் பேருடைய முகம்தான் தெரிந்தது. அவர்கள் பெயரையும் சொன்னேன். ராக்காயி தலை நரைத்துவிட்டதே சூசை. அவள் பெயரோடு நிறுத்திவிட்டேன்.

“ஒரு ஆளுக்காவா இவ்வளவு பேரு நிக்கிறாங்க” என்று மட்டும் கேட்டார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டு, என் பாஸ்போட் விசாரணைக் காகிதம் எங்கே கிடக்கிறது, தேடி எடு என்றார். அந்தக் காகிதம் மாதக் கணக்காய் அங்கேதான் கிடந்திருக்கிறது. என் கண் முன்னாலேயே நன்னடத்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மச்சான், எனக்குப் பாஸ்போட் வந்துவிட்டது. ஒரு மாத விசாவும் வந்துவிட்டது. நாகலெட்சுமியின் கால் பரீட்சை லீவில், செப்டம்பர் கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் புறப்படுகிறோம். தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில், பொல்காவலையில் மாறினால் தலவாக்கலை. வழி எனக்கு மறக்கவில்லை. ரயில் சுரங்கம் தாண்டினால் நம் மலையைப் பார்க்க எந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும் என்று நாகலெட்சுமிக்கு இப்போதே பாடம் நடக்கிறது. விசா மனுவில் ‘இலங்கையில் யாரைப் பார்க்கப் போகிறீர்’ என்று கேட்டிருந்தார்கள். சொந்தக்காரர் என்று எழுதி உன் பெயரைப் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் மறுத்துவிடாதே.

லேபல்களைத் திருப்பித் தந்தார், ஆறு. கிளென் மாரிக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கேட்கக் கூச்சப்பட்டார் போல. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பையில் வைத்துக்கொண்டார். உன்னிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன். எனக்கு வந்த பாகம்தானே, மன்னித்துக்கொள். அதனால் அந்தப் போத்தலுக்கு இனி லேபல் கிடையாது. பரவாயில்லை. உள்ளே இருப்பது இன்னது என்று நீ சொன்னால் அதுதான். நான் குடிக்கிறேன். செல்லசாமியையும் சுவாமியாரையும் கூப்பிடு. காளியாயியின் பிள்ளைக்கு இங்கேயிருந்து நல்ல ஓமம் கொண்டு வருகிறேன். போத்தலை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாய்தானே?

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாய்ப் பேனாவை வைத்து வைத்து எடுக்கிறேன்.

மேல் லயத்துக்கு மேலே, சவுக்கு மரத்தடியில் என் வீரம்மாவை அடக்கம் செய்த இடம் இருக்கிறதே. நீங்கள் வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு உங்கள் சனத்தின் கல்லறைகளைச் சுத்தம் செய்யும்போது அவளுடையதையும் செய்து விளக்கு வைக்கிறீர்கள் என்று பத்திநாதன் வாத்தியார் ஒரு தடவை எழுதியிருந்தார். நீ ஒரு நாளும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வருகிறேன் என்று தெரிந்ததும் நீ ஆள் வைத்து அங்கே புல் வெட்டச் சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும். வேண்டாம் மச்சான். இந்த மழைக்கு இடுப்பளவு வளர்ந்தாலும் வளரட்டும். நான் வந்து வெட்டுகிறேன். கத்தியை மட்டும் தீட்டி வை.

எல்லோரும் நன்றாய் இருக்க வேண்டும்.

உங்கள்
பொன்னையா